நஞ்சும் நாழிகையும்

போதைப் பொருளால் நேரும் மரணம் பட்டணத்தில் மிகுதியா, பட்டிக்காட்டில் மிகுதியா என்ற கேள்விக்கு அமெரிக்க தேசத்தார் கணக்கெடுத்தே விடை சொல்கிறார்கள்: 2020ஆம் ஆண்டில் லட்சம் பேருக்கு நகர்ப்புறத்தில் 28.6 பேரும் நாட்டுப்புறத்தில் 26.2 பேரும் மாண்டனர். சில ஆண்டுகளுக்கு முன்னரோ நாட்டுப்புற விகிதமே மேலோங்கியிருந்தது. நம் தமிழ்நாட்டிலோ, ஏழைகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த கள்ளச்சாராயம். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களிலும் 20க்கு மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60க்கு மேற்பட்டோரும் அதற்கு இரையாயினர்.

இந்த விஷத்தின் வஞ்சகம் அதன் தாமதத்தில் இருக்கிறது. குடித்தவுடன் சாதாரண மயக்கமே தோன்றும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, கண்ணின் நரம்பைக் கெடுத்து, இரத்தத்தைப் புளிக்கச் செய்து, மூச்சைத் திணறடிக்கிறது. அதற்குள் மாற்று மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸும் கிடைத்தால் பிராணனைக் காக்கலாம். ஆகவே பட்டணத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வித்தியாசம், என் மதிப்பில், குடித்த அளவிலன்று. சிகிச்சை கிட்டும் நாழிகையிலேயே இருக்கிறது.

கருணாபுரமோ கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே உள்ளது; அந்நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. அப்படியிருந்தும், நோயாளிகள் ஒருசேர வந்து குவிந்தமையால், பலரைச் சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்ப நேர்ந்தது. சிவகங்கை மாவட்டத்து மானகிரி போன்ற ஊர்களின் நிலையை இதைக் கொண்டே எண்ணிப் பார்க்க வேண்டும். காரைக்குடி அருகில் இருப்பது இம்மக்களின் பாக்கியம். ஆனால் அரசு மருத்துவக் கல்லூரியை நாடினால் சிவகங்கைக்கும், அதற்கும் மேலே என்றால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கடந்து மதுரைக்கும் போயாக வேண்டும். செட்டிநாட்டுச் சாலைகளை விட்டு விலகிய குக்கிராமத்துக் கூலியாளுக்கோ, பிரதான சாலையை எட்டுவதற்கே பொழுது கரைந்துவிடும்.

தூரத்தோடு அச்சமும் சேர்கிறது. போலீசார் கேட்பார்களே, ஊரார் இகழ்வார்களே என்று அஞ்சிக் குடும்பத்தார் விஷயத்தை மறைத்து, மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்து விடியும்வரை காத்திருப்பது எத்தனை உயிர்களுக்கு எமனாகிறது!

குடித்தவருக்குக் கண் மங்கினாலும், வயிறு வலித்தாலும், வாந்தி கண்டாலும், கணமும் தாமதியாமல் 108ஐ அழையுங்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். உடன் குடித்த மற்றவர்களையும், அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தோன்றாவிட்டாலும், அப்பொழுதே அழைத்துச் செல்லுங்கள்.