மறதி நோயாளர்க்கு அவசர மருத்துவம்

உடல் நலிவுற்றவர் ஒருவர் மருத்துவரை நாடிச் சென்றதும், அவர் கேட்கும் முதல் வினா, "உடம்புக்கு என்ன?" என்பதாகும். நோவு இன்ன இடத்தில் உள்ளது, இன்ன நாளில் தொடங்கிற்று, இன்ன மருந்து உண்டேன் என நோயாளி விடை கூறுவார். அவ்விடையே மருத்துவத்தின் முதற்படி. அதனைக் கூற இயலாதார் நிலை யாது? பேசாத குழந்தைக்காகத் தாய் பேசுவாள். மறதி நோயுற்ற முதியவர்க்காகப் பேசுவார் யார்?

மறதி நோயை ஆங்கில மருத்துவர் டிமென்ஷியா என்பர். முதுமையில் யாவர்க்கும் நேரும் சிறு மறதி வேறு, இந்நோய் வேறு. இது மூளையின் நரம்பணுக்கள் அழிவதால் நினைவு, மொழி, காலமும் இடமும் அறியும் உணர்வு ஆகியவை ஒவ்வொன்றாகத் தேயும் பிணியாகும். இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். செர்மனி நாட்டு மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 1906ஆம் ஆண்டில், இந்நோயால் இறந்த ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து அதன் மாறுதல்களை அறிஞர்க்கு எடுத்துரைத்தார். 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் மக்கள் மறதி நோயுடன் வாழ்ந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு.

இத்தகையோர்க்கும் பிற நோய்கள் வருதல் இயல்பே. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். நிமோனியாக் காய்ச்சல் பற்றலாம். ஆயினும், "வலிக்கிறது" என்னும் ஒரு சொல் அவர் வாயில் வாராது. சொல் இல்லையெனின் வலி இல்லை என்று கருதுதல் பெரும் பிழையாகும். மூச்சின் வேகம், முனகல், முகச்சுளிப்பு, உடலின் இறுக்கம், தேற்றினும் தேறாமை என்னும் ஐந்து குறிகளைக் கண்டு வலியை மதிப்பிடும் முறையொன்றை 2003ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வெளியிட்டனர். ஒவ்வொரு குறிக்கும் 2 மதிப்பெண் வரை இட்டு, மொத்தம் 10க்குக் கணக்கிடுவர். வாய் பேசாவிடத்து உடல் பேசும் என்பதே இதன் கருத்து.

இனி, அறிந்து கொள்ளவேண்டிய மற்றொன்று உண்டு. நேற்றுவரை மனையாரை அடையாளங் கண்டு, தாமே உணவருந்திய முதியவர், இன்று திடீரெனப் பிதற்றுகிறார்; அல்லது எழுப்பினும் எழாமல் உறங்குகிறார். "பழைய நோய் முற்றிவிட்டது" எனச் சுற்றத்தார் வாளா இருப்பர். அஃது அன்று, அது சன்னி எனப்படும் திடீர் மனக்குழப்பமாக இருக்கலாம். மறதி நோய் ஆண்டுக் கணக்கில் ஊர்ந்து வருவது. சன்னியோ மணிக் கணக்கில் பாய்ந்து வருவது. சிறுநீர்ப்பாதைத் தொற்று, உடலில் நீர் குறைதல், குருதியில் உப்போ சர்க்கரையோ குறைதல், மலச்சிக்கல், புதிய மருந்து ஆகியவை அதற்குக் காரணமாகலாம். இவற்றுட் பல மருத்துவத்தால் நீங்குவன. ஆகவே காலந்தாழ்த்தல் கூடாது. பிதற்றுவாரைக் காட்டிலும், அரவமின்றிச் சோர்ந்து கிடப்பாரிடம் இந்நோய் கண்ணிற்படாமற் போவது மிகுதி.

மருத்துவமனையும் அவர்க்கு அச்சம் தரும் இடமே. கண்ணைக் கூசும் விளக்கு, ஓயாத ஒலி, புதிய முகங்கள் ஆகியவை குழப்பத்தை வளர்க்கும். கட்டிலோடு பிணித்தல் அதனை இன்னும் பெருக்கும். இங்கிலாந்தில் ஜான் ஜெரார்டு என்னும் முதியவர் மறதி நோயுடன் தம் இல்லத்தில் அமைதியாக வாழ்ந்து வந்தார். 2014ஆம் ஆண்டில் காற்புண்ணுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கு உறவினர் வருகை கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஐந்து வாரங்கட்குப் பின் அவர் உடல் மெலிந்து, நடையும் பேச்சும் இழந்து வீடு திரும்பினார்; அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் இயற்கை எய்தினார். அவர்தம் மகளார் நிக்கி ஜெரார்டு, தம் நண்பர் ஜூலியா ஜோன்ஸ் என்பாருடன் கூடி, மறதி நோயாளருடன் மருத்துவமனையில் உடனிருக்கும் உரிமையைப் பராமரிப்பவர்க்கு வழங்கவேண்டும் என ஓர் இயக்கம் தொடங்கினார். தந்தையின் பெயரால் அது ஜான் இயக்கம் எனப்படுகிறது.

மாணவர்களே! நும் இல்லத்தில் இத்தகைய முதியவர் இருப்பின், ஒரு தாளில் அவர் பெயர், வயது, நோய்கள், உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், அவரை அழைக்கும் செல்லப்பெயர், விரும்பும் உணவு ஆகியவற்றை எழுதி வையுங்கள். அவசரம் நேரின் 108 என்னும் எண்ணை அழையுங்கள். முகம் கோணினாலோ ஒரு கை தளர்ந்தாலோ, அது தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டும். தலையில் அடிபட்டால், காயம் வெளியே தோன்றாவிடினும் மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக்கண்ணாடியையும் செவிக்கருவியையும் உடன் கொண்டு செல்லுங்கள். "நேற்று இவர் இவ்வாறு இருந்தார், இன்று இவ்வாறு மாறினார்" என்று மருத்துவர்க்குக் கூறுங்கள். எந்தக் கருவியும் காட்டவியலாத செய்தி அது. முதியவரிடம் சிறு சிறு சொற்களால், முகம் நோக்கி, மெல்லப் பேசுங்கள். அவர் கூறுவது தவறாயினும் வாதிடாதீர்கள்.

நாம் பேச அறியாத நாளில் நம் அழுகையின் பொருளை அறிந்து பாலூட்டியவர் அவர். அவர் பேச்சிழந்த நாளில் அவர்தம் முனகலின் பொருளை அறிந்து மருத்துவர்க்கு உரைத்தல் நம் கடன். அவர் நம் பெயரை மறக்கலாம். அவரை நாம் மறத்தல் ஆகாது.