நாற்காலியும் அதற்கான படிகளும்

2006 ஓகஸ்ட் 23ஆம் திகதி ஆனந்த் சத்தியானந்த் நியூசிலாந்தின் மகாதேசாதிபதியாகப் பதவியேற்றார். ஆசிய வம்சாவளியினர் எவரும் அதற்குமுன் அப்பதவியில் இருந்ததில்லை. இத்தகைய நியமனங்களை நம்மவர் இரண்டு விதமாகவே பார்ப்பதுண்டு. 'நம்மைப் போன்ற ஒருவர்' என்று மகிழ்வோர் ஒரு சாரார். 'முடியின் பேரில் கையொப்பமிடும் பொம்மை' என்று ஒதுக்குவோர் மறு சாரார். இரு சாராரும் நாற்காலியை மட்டுமே காண்கின்றனர். அவர் ஏறிவந்த படிகளைக் கவனிப்பதே நமக்குப் பயன்தரும் என்பது என் கருத்து.

பதவியைப் பற்றி முதலில் ஒரு சொல். நியூசிலாந்தின் அரசுத் தலைவர் பிரித்தானிய முடிக்குரியவரே. மகாதேசாதிபதி அவருடைய பிரதிநிதி. 1972 வரை இலங்கையிலும் இப்பதவி இருந்தது. அதில் கடைசியாக இருந்து, பின் முதலாவது ஜனாதிபதியான வில்லியம் கோபல்லாவவும் சத்தியானந்தைப் போல ஒரு சட்டத்தரணியே.

சத்தியானந்தின் பெற்றோர் பிஜித்தீவின் இந்திய சமூகத்தைச் சேர்ந்தவர்கள். 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். 1903 தொடக்கம் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. தமிழரும் தெலுங்கரும் அவற்றில் சென்றனர். அச்சமூகத்தில் பிறந்து, நியூசிலாந்துக்கு வந்து மருத்துவரானவர் அவருடைய தந்தை. மகன் 1944இல் ஒக்லாந்தில் பிறந்தார். ஒட்டாகோவில் மருத்துவம் படிக்கத் தொடங்கி, அதைக் கைவிட்டு, ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1970இல் சட்டப்பட்டம் பெற்றார். அரச தரப்பில் வழக்குத் தொடுப்பவராகவும் பணியாற்றினார். 1982இல் மாவட்ட நீதிபதியானார். 1995 முதல் 2005 வரை ஒம்புட்ஸ்மன்.

அவர் வாழ்வில் முக்கியமானவை இந்தப் பத்து ஆண்டுகளே என்பேன். ஒம்புட்ஸ்மன் முறை சுவீடனில் 1809இல் தோன்றியது. ஆங்கிலம் பேசும் நாடுகளுள் அதை முதலில் ஏற்றது நியூசிலாந்து, 1962இல். அமைச்சோ திணைக்களமோ தனக்கு அநீதி செய்ததென்று கருதும் எவரும் காசு கொடுக்காமல் முறையிடலாம், சிறைக்கைதியும் முறையிடலாம். ஒம்புட்ஸ்மன் கோவைகளை வரவழைத்து விசாரிப்பார். 1982ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வத் தகவல் சட்டத்தின் பின், அரசு தர மறுத்த தகவல்கள் பற்றியும் அவரிடம் முறையிடலாம். பெரும்பாலும் பரிந்துரை செய்யும் அதிகாரமே அவருக்குண்டு. ஆனால் அவர் அமைச்சரின் ஆளல்லர், பாராளுமன்றத்தின் அலுவலர். அவருடைய சொல்லுக்குப் பலம் வருவது இதனாலேயே. ஒரு சிறுபான்மையினர் பெரும்பான்மையின் நிர்வாகத்தை விசாரிக்கவும், அவ்விசாரணையை அந்நிர்வாகம் ஏற்கவும் இங்கு இயன்றிருக்கிறது.

உயர்பதவிகள் நமக்கு இலங்கையில் கிடைக்கவே இல்லையா? கிடைத்தன. 1984 முதல் 1988 வரை பிரதம நீதியரசராக இருந்தவர் சுப்பையா சர்வானந்தா என்ற தமிழர். அதே ஆண்டுகளில்தான் நமது இளைஞர்கள் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்தனர். இது அவர்மேல் சொல்லும் குறையன்று. தனியொரு நாற்காலியால் ஆகக்கூடியதன் எல்லை அது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் ஒம்புட்ஸ்மன் பதவியும் இடம்பெற்றது. எழுத்தில் இருந்த அது, முகாமில் பிள்ளையைத் தேடிய தாய்க்கு எந்தக் கதவையும் திறக்கவில்லை.

நியூசிலாந்து சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 2010 ஒக்டோபரில் போல் ஹென்றி என்ற தொலைக்காட்சி அறிவிப்பாளர், அடுத்த மகாதேசாதிபதியாவது இந்நாட்டவரின் தோற்றமும் பேச்சும் உடையவராக இருப்பாரா என்று பிரதமரிடமே கேட்டார். கேள்விக்குள்ளானவரோ ஒக்லாந்திலேயே பிறந்தவர்! கண்டனம் எழுந்தது, சில நாட்களில் ஹென்றி பதவி விலகினார். தொழிற்சாலைத் தேநீர் இடைவேளைகளில் அக்கேள்வியின் சில்லறை வடிவங்களை நான் கேட்டிருக்கிறேன். அங்கே எவரும் பதவி விலகுவதில்லை. முன்பு விரிவுரை செய்த வாய், பொதிகட்டும் யந்திரத்தின் அருகே மௌனமாயிருக்கப் பழகிவிட்டது.

ஆயினும் பிஜியோடு ஒப்பிடுக. 1987 மே 14ஆம் திகதி, இந்தியர்களின் ஆதரவோடு அமைந்த அரசைப் பிஜி இராணுவம் கவிழ்த்தது. 1990ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பிரதமர் பதவியைப் பூர்வீகப் பிஜியருக்கே ஒதுக்கியது. அது திருத்தப்பட்டு 1999இல் மகேந்திர சௌத்ரி பிரதமரானார். மறு ஆண்டே சதிகாரர் அவரைப் பாராளுமன்றத்தில் பணயமாகப் பிடித்துவைத்தனர். ஒரே சமூகம், இரு நாடுகள். ஆற்றலில் வேறுபாடில்லை, நிறுவனங்களில்தான் வேறுபாடு.

நமது அரசியல் விவாதங்கள் பெரும்பாலும் யார் ஜனாதிபதி, யார் முதலமைச்சர், எத்தனை அதிகாரம் என்பதோடு முடிந்துவிடுகின்றன. நாளை நம் கைக்கு ஒரு நிர்வாகம் வருமாயின், அதில் அநீதி கண்ட முஸ்லிம், மலையகத் தமிழர், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் யாரிடம் போய் முறையிடுவார்? விசாரிப்பவர் நம்மவராக இல்லாவிட்டாலும் அவருடைய முடிவை ஏற்போமா? இவற்றுக்கு விடை எழுதாத எந்தத் தீர்வுத் திட்டமும் அரைகுறையானதே. இதழின் வாசகர்கள் இதுபற்றி எழுத வேண்டும்.