வீட்டுத் தோட்டக் காய்கறிகளில் புழுக்கள்: நஞ்சின்றிக் கட்டுப்படுத்தும் முறைகள்

கொல்லைப்புறத்தில் பத்துக் கத்தரி, பத்து வெண்டை, நான்கு தக்காளி, ஒரு புடலைப் பந்தல், வேலியோரம் ஒரு முருங்கை என்று சிறிய அளவில் காய்கறித் தோட்டம் அமைத்திருப்போர் பலர். செடி காய்ப்புக்கு வரும் வேளையில் புழுவும் வந்துவிடுகிறது. உடனே, பருத்திக்கோ நெல்லுக்கோ வாங்கி மிச்சமிருக்கும் மருந்தை எடுத்து அடித்துவிடும் பழக்கம் நம்மிடையே உள்ளது. இதனை அறவே தவிர்க்க வேண்டும்.

எந்தப் பூச்சிக்கொல்லியைத் தெளித்தாலும், அதன் பிறகு குறிப்பிட்ட நாட்கள் கழித்தே காய் பறிக்க வேண்டும். ஆனால் வெண்டையையும் கத்தரியையும் வீட்டில் இரண்டு நாட்களுக்கு ஒரு முறை பறிக்கிறோம். பழுத்த தக்காளியைக் குழந்தைகள் செடியிலிருந்தே பறித்துத் தின்பார்கள். ஆகவே காத்திருப்புக் காலம் என்பது வீட்டுத் தோட்டத்தில் நடைமுறைக்கு ஒவ்வாதது. மேலும், சில மருந்துகள் காய்கறிக்கு உரியவையே அல்ல. மானோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது.

பத்து இருபது செடிகளே உள்ள இடத்தில் மருந்தைவிடக் கண்ணும் கையுமே சிறந்த கருவிகள். புழு எந்த நிலையில் எளிதாக அகப்படும் என்பதை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

கத்தரி

கத்தரியில் தண்டு மற்றும் காய்த் துளைப்பான் முக்கியமான எதிரி. இளஞ்சிவப்பு நிறமுள்ள இப்புழு முதலில் இளந்தண்டைத் துளைக்கும். நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். பிஞ்சு பிடித்ததும் காய்க்குள் நுழைந்து, துளையைத் தன் எச்சத்தால் அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு எந்தத் தெளிப்பும் அதனை எட்டாது.

எனவே வாடிய குருத்தை, வாடிய இடத்திற்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி எடுங்கள். துளை விழுந்த காய்களையும் பறித்துவிடுங்கள். இவற்றைக் குப்பைக் குழியில் போட்டால் புழு வெளியேறிச் சருகுகளுக்கிடையே கூடு கட்டி, அந்துப்பூச்சியாக மீண்டும் வரும். ஆகவே எரித்துவிட வேண்டும் அல்லது ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். காய்ப்பு ஓய்ந்த செடிகளை விறகுக்காகத் தோட்டத்தருகே அடுக்கி வைப்பதும் கூடாது.

வெண்டை, தக்காளி

வெண்டையில் காய்ப்புழு துளைத்த மொட்டு, பூ, பிஞ்சு ஆகியவற்றை அவ்வப்போது அகற்றுங்கள். இப்புழு துத்திச் செடியிலும் வாழக்கூடியது. வேலியோரத் துத்தியைக் களைவது நல்லது.

தக்காளிக்குச் செண்டுமல்லியைக் கவர்ச்சிப் பயிராக நடலாம். தக்காளி நாற்று 25 நாள் வயதிலும், செண்டுமல்லி நாற்று 40 நாள் வயதிலும் ஒரே சமயத்தில் நடப்பட வேண்டும். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து பூக்கும். தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லிப் பூக்களை நாடிச் சென்று முட்டையிடும். அப்பூக்களில் காணும் புழுக்களைப் பொறுக்கி அழிக்காவிட்டால், கவர்ச்சிப் பயிரே புழுவுக்கு நாற்றங்கால் ஆகிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

கீரை, புடலை

புரொடீனியா அந்துப்பூச்சி முட்டைகளைக் குவியலாக இட்டுப் பழுப்பு நிற ரோமத்தால் மூடி வைக்கும். பாத்தி ஓரத்தில் நான்கைந்து ஆமணக்கு விதைகளை ஊன்றினால், பெரும்பாலும் அந்த இலைகளிலேயே முட்டையிடும். அந்த ஒரே இலையைக் கிள்ளினால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒழியும். முட்டை மூன்று முதல் ஐந்து நாட்களில் பொரிந்துவிடுவதால் வாரம் இரு முறை பார்ப்பது அவசியம்.

புடலையில் பச்சைக் காவடிப்புழு இலையின் ஓரத்தை வெட்டி, மடித்து, அதனுள் இருந்துகொண்டு தின்னும். மடிந்த இலைகளைத் தேடிப் புழுவை எடுத்துச் சோப்பு நீரில் போடலாம். புழுவின் மேல் அரிசி போன்ற வெண்ணிறச் சிறு கூடுகள் ஒட்டியிருந்தால் அதனை விட்டுவிடுங்கள். அவை புழுவைக் கொல்லும் நன்மை செய்யும் குளவியின் கூடுகள்.

முருங்கை

மழைக்குப் பின் தோன்றும் கம்பளிப்புழுக்கள் பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். அதுவே அழிக்க ஏற்ற வேளை. ரோமம் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும் என்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது. நீண்ட கழியில் துணி சுற்றித் தீப்பந்தம் பிடித்து, பட்டை கருகாதபடி விரைவாக ஓட்ட வேண்டும். கூரை வீடு, வைக்கோற்போர் அருகில் மரம் இருந்தால் தீப்பந்தம் வேண்டாம். புழுக்களைத் துடைப்பத்தால் வாளியிலுள்ள சோப்பு நீரில் தள்ளிவிடலாம்.

வேப்பங்கொட்டைச் சாறு

புழு மிகுந்தால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 10 லிட்டருக்கு வேண்டியவை: வேப்பங்கொட்டைப் பருப்பு 500 கிராம், காதி சோப்பு 20 கிராம். பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் நன்கு பிழிந்து வடிகட்டி, 10 லிட்டராக்கிச் சோப்பைக் கரையுங்கள். கொட்டை சேகரித்து 8 மாதங்களுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. வெயிலில் இதன் வீரியம் குறையும். எனவே அன்று மாலையிலேயே, இலையின் அடிப்புறமும் நனையுமாறு தெளிக்க வேண்டும். இச்சாறு பட்டவுடன் புழு சுருண்டு விழாது. தின்பதைக் குறைத்து, வளர்ச்சி குன்றிச் சாகும். இளம்புழுக்களுக்கே இது நன்கு வேலை செய்யும். முதிர்ந்தவற்றைப் பொறுக்குவதே வழி.

இலையில் நாலு ஓட்டை இருப்பதால் விளைச்சல் குறைந்துவிடாது. வாரம் இரு முறை கால் மணி நேரம் செலவிட்டுச் செடிகளைக் கவனித்து வந்தால், உங்கள் வீட்டார் அச்சமின்றி உண்ணத்தக்க காய்களைப் பறிக்கலாம். மேலும் விவரம் வேண்டுவோர் அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகிப் பயனடையலாம்.