பாடசாலைத் தெரிவு

விசயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளைக்கு ஐந்து வயது நிறையும் காலத்திலே, அப்பிள்ளையை எந்தப் பாடசாலையிற் சேர்ப்பது என்னும் வினா இலங்கையில் வீடுதோறும் எழுகின்றது. விடை தேடும் பெற்றார் பெரும்பாலும் பாடசாலையின் பெயரையே முதலில் ஆராய்கின்றனர். பாடசாலை எதற்காக என்னும் வினாவோ அதற்கும் முந்தியது. அதனை விடுத்துப் பெயரை நாடுதல், செல்லும் ஊரைத் துணியாமல் வண்டியேறுதலை ஒக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்தது. 1816 இல் வந்த அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையிலே செமினரியையும், 1824 இல் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் தமிழும் கற்பிக்கப்பட்டன. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியோடு தொடர்புடையோரே. ஆங்கிலங் கற்றவனுக்கு உத்தியோகமும் கிட்டிற்று. ஆயினும், கல்விக்கு விலையாகச் சமயத்தைக் கொடுக்க நேருமோ என்னும் அச்சம் சைவக் குடும்பங்களை வருத்தியது.

அவ்வச்சத்துக்கு விடையாகவே ஆறுமுகநாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வெசிலியன் மிசன் பாடசாலையிற் கற்று அங்கேயே கற்பித்தவராதலின், மிசனரிமாரின் முறைகள் அவருக்கு நன்கு தெரிந்திருந்தன. வகுப்புக்கேற்பப் படிப்படியாக உயரும் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். ஆனால் ஆங்கிலத்தை வேண்டிய பெற்றாருக்குத் தமிழ்ப் பாடசாலை மட்டும் போதவில்லை. 1872 இல் நாவலர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை, பொருள் முட்டினமையாற் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி தோன்றியபோது, ஆங்கிலமும் சைவமும் ஒருங்கே பெறும் வழி நிலைபெற்றது. அக்காலத்துப் பெற்றார் தெரிந்தது வெறுங் கட்டடத்தையன்று. பிள்ளை யாராக வளரவேண்டும் என்பதையே தெரிந்தனர்.

1945 ஒற்றோபரிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னின்றுழைத்த கல்வியமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, நகரத்துக் கல்லூரிகளுக்கு நிகரான மத்திய மகா வித்தியாலயங்களை நாட்டுப்புறங்களிலே எழுப்பினார். வறிய வீட்டுப் பிள்ளையும் விடுதியிலே தங்கிப் படிப்பதற்காகவே ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் வகுக்கப்பட்டது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. சில கல்லூரிகள் மாத்திரம் தனியார் பாடசாலைகளாய் நின்றன.

இன்று நாட்டில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள் உள்ளன. தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஏனையவை மாகாண சபைகளின் கீழும் இயங்குகின்றன. பெற்றார் அறியவேண்டிய வேறொரு பிரிவும் உண்டு. உயர்தர விஞ்ஞான வகுப்பு உள்ள பாடசாலை 1ஏபி எனப்படும். கலை, வர்த்தக வகுப்புக்கள் மட்டும் உடையது 1சி. பதினோராந் தரத்தோடு முடிவது இரண்டாம் வகை. கீழ் வகுப்புக்கள் மட்டும் உள்ளது மூன்றாம் வகை. சர்வதேசப் பாடசாலைகள் எனப்படுவன கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்றவை, கட்டணம் அறவிடுபவை.

முதலாந் தர அனுமதியிலே பெரும்பங்கு வதிவிட அண்மைக்கே உரியது. பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், உடன்பிறந்தார் படிப்பவர்க்கும் வேறு பங்குகள் உண்டு. இதனாற் புகழ்பெற்ற கல்லூரிகளைச் சூழ்ந்து வாடகை வீடு தேடுவோரும், பொய் முகவரி காட்டுவோரும் தோன்றினர். பிள்ளை கல்விக்காக எடுத்துவைக்கும் முதலடி பொய்ப்பத்திரத்தின் மீது விழுவது வெட்கத்துக்குரியது. புலமைப்பரிசிலும் தன் நோக்கத்தினின்று விலகிற்று. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர் அப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். பத்து வயதுப் பிள்ளை மாலையில் விளையாடாது தனியார் வகுப்பிலே அமர்ந்திருக்கும் காட்சியை இப்போது எவரும் வியப்பதில்லை.

கீழ் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டுவன வேறு, மேல் வகுப்பு மாணாக்கனுக்கு வேண்டுவன வேறு. ஆறு வயதுப் பிள்ளை எழுத்தும் எண்ணும் பழகவும், பிறரோடு கூடி வாழவும் கற்பதற்கு, நடந்து செல்லக்கூடிய ஊர்ப் பாடசாலையே பெரும்பாலும் ஏற்றது. அங்கே வகுப்புச் சிறியதாயின் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் அறிவார். விடியுமுன் வானிலேறி, களைத்துத் திரும்பும் பிள்ளைக்குப் பெரிய கல்லூரியின் பெயர் ஈடாகாது. உயர்தரத்திலோ நிலைமை மாறும். பௌதிகவியலுக்கு ஆசிரியர் உண்டா, ஆய்வுகூடம் திறக்கப்படுகின்றதா என்பனவற்றை நேரிற் சென்று வினாவியே பெற்றார் துணிதல் வேண்டும். பெறுபேற்றுப் பட்டியலிலே சித்தியெய்தினோரின் தொகையை மட்டும் பாராது, பரீட்சைக்கு முன்னரே விலகியோர் எத்தனை பேர் என்பதையும் அதிபரிடம் கேட்கலாம்.

வசதியுள்ள பெற்றார் யாவரும் தம் பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்பிவிடுவதால், ஊர்ப் பாடசாலை மாணாக்கர் தொகை குன்றி, ஆசிரியரும் இடம்மாறி, ஈற்றில் மூடப்படும் நிலைக்கு வருகின்றது. அப்போது வேறிடஞ் செல்ல வழியற்ற குடும்பத்தின் பிள்ளையே தனித்து நிற்கின்றது. மலைநாட்டிலே இவ்விடர் இன்னும் கடிது. தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களிலேயே பொறுப்பேற்கத் தொடங்கியது. அவற்றிற் பல கீழ் வகுப்புக்களோடு முடிபவையாதலின், விஞ்ஞானம் படிக்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளை பஸ்ஸேறி நகரத்துக்கே செல்லவேண்டியுள்ளது. அல்லது அருகிலுள்ள பாடசாலையிற் கிடைக்கும் கலைப் பாடங்களையே எடுக்கின்றது.