ஒரே எண்ணுக்குள் பல நோய்கள்: அரிய தோல் புற்றுநோய்களும் அவற்றின் குறியீடும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு பெண்மணி தம் தந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியுடன் வந்தார். எழுபது வயதைக் கடந்த தந்தைக்கு இடது கன்னத்தில் செந்நீல நிறத்தில், வலியே இல்லாத ஒரு கட்டி இரண்டே மாதங்களில் நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. அதனை நாங்கள் அறுவை சிகிச்சையில் அகற்றினோம். பயாப்சி முடிவு, மெர்க்கல் செல் புற்றுநோய் என்று வந்தது. அடுத்து அளிக்கவேண்டிய கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் பெட் ஸ்கேனுக்கும் காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி கோரியிருந்தோம். அனுமதி வரவில்லை, வினா ஒன்று வந்தது. முகத்தில் தோன்றிய தோல் புற்றுநோய் முழுமையாக அகற்றப்பட்டுவிட்ட நிலையில் இவை எதற்காக?

அந்தப் பெண்மணி சம்மரியில் ஓரிடத்தைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். அங்கே “சி 44.3” என்று இருந்தது. “ஐயா, இந்த எண்ணைத் தேடிப் பார்த்தோம். அவ்வளவாக ஆபத்தில்லாத தோல் புற்றுநோய் என்றுதான் வருகிறது. நீங்கள் எங்களிடம் சொன்னது வேறு. அப்பாவுக்கு உண்மையில் என்ன நோய்?” என்று கேட்டார்.

நாங்கள் சொன்னதும் சரி. அந்த எண்ணும் சரி. ஆயினும் அவர் குழம்பியதில் வியப்பில்லை. அந்தக் குழப்பத்திற்கு இடம் கொடுத்தவர்கள் நாங்கள். அதனை விளக்கவே இந்தக் கட்டுரை.

டிஸ்சார்ஜ் சம்மரியிலும் காப்பீட்டு விண்ணப்பத்திலும் நீங்கள் காணும் எழுத்தும் எண்ணும் கலந்த குறி, உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டிலிருந்து எடுக்கப்படுவது. சுருக்கமாக ஐ.சி.டி. என்பர். இதன் வேர், 1893-இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்டியோன் தொகுத்த மரணக் காரணங்களின் பட்டியலில் இருக்கிறது. 1948-இல் ஆறாம் பதிப்பு முதல் உலக சுகாதார நிறுவனம் அதன் பொறுப்பை ஏற்றது. பிறப்பிலேயே இது எண்ணிக்கைக்காக எழுந்த ஏற்பாடு. எத்தனை பேர் எதனால் இறந்தனர், எத்தனை பேர் எதற்காக மருத்துவமனையில் சேர்ந்தனர் என்று அரசுகள் அறிந்துகொள்வதற்காக. ஒரு தனி மனிதரின் நோயை முழுமையாக விவரிப்பது இதன் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை. அஞ்சலில் நாம் எழுதும் பின்கோடு கடிதத்தைச் சரியான அஞ்சலகத்தில் சேர்த்துவிடும். அந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று அது சொல்லாது. ஐ.சி.டி. எண்ணும் அப்படிப்பட்டதே.

நம் மருத்துவமனையில் இன்றும் பயன்படுவது 1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் பதிப்பு. அதில் தோலுக்குரிய புற்றுநோய்களுக்கு முதன்மையாக இரண்டு பிரிவுகள் உள்ளன. மெலனோமா என்னும் நிறமிச் செல் புற்றுநோய்க்குச் சி 43. தோலின் பிற புற்றுநோய்களுக்குச் சி 44. புள்ளிக்குப் பின்வரும் எண் உடலின் இடத்தை மட்டுமே குறிக்கும்: ஒன்று என்றால் கண் இமை, மூன்று என்றால் முகத்தின் பிற பகுதிகள், நான்கு என்றால் தலையும் கழுத்தும், ஏழு என்றால் கால். நோய் எவ்வகைச் செல்லிலிருந்து எழுந்தது என்பதற்கு அங்கே இடமில்லை.

“பிற” என்ற அந்த ஒரு சொல்தான் எங்களுக்குத் தொல்லை. மிகப் பரவலான பேசல் செல் புற்றுநோய் அதற்குள் இருக்கிறது. அது மெதுவாக வளரும். பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஸ்குவாமஸ் செல் புற்றுநோயும் அதற்குள்தான். இமையின் எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து எழும் செபேசியஸ் புற்றுநோயும் அதே இழுப்பறையில் கிடக்கிறது. சாதாரண இமைக் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்திட்டுக் காலம் கடந்தபின் எங்களிடம் வருவோர் உண்டு. மேலைநாட்டுப் பாடநூல்கள் அதனை அரியது என்று எழுதினாலும், இந்தியக் கண் மருத்துவர்களுக்கு அது அவ்வளவு அந்நியமானதன்று. தோலின் ஆழ்அடுக்கில் வேர்விட்டுப் பரவும் டெர்மட்டோஃபைப்ரோசார்க்கோமா என்னும் நீண்ட பெயருடைய கட்டியும் இங்கேதான் சேர்கிறது. மெர்க்கல் செல் புற்றுநோயும் இங்கேதான். பேசல் செல் புற்றுநோய் கன்னத்தில் வந்தாலும் சி 44.3, மெர்க்கல் கன்னத்தில் வந்தாலும் சி 44.3. முன்னதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு வேலை முடிந்துவிடும். பின்னது கண்ணுக்குத் தெரியாமலே நிணநீர்க் கணுக்களுக்குச் சென்றுவிடக்கூடியது. ஆகவே கணுக்களைச் சோதிக்கவேண்டும், உடல் முழுவதையும் படமெடுத்துப் பார்க்கவேண்டும், பெரும்பாலோர்க்குக் கதிர்வீச்சும் தேவைப்படும்.

இவ்வளவு வேறுபட்ட நோய்க்கு ஏன் தனி எண் தரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் பெரிதும் காலத்தைச் சார்ந்தது. தொடுவுணர்வுக்கு உதவும் அந்தச் செல்லை ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஃபிரெட்ரிக் மெர்க்கல் 1875-இலேயே விவரித்துவிட்டார். அதன் பெயரைத் தாங்கும் புற்றுநோயையோ நோய்க்குறியியலாளர் சிரில் டோக்கர் 1972-இல்தான் தனியாக அடையாளம் கண்டு எழுதினார். அப்போது அதற்கு வேறு பெயர். இந்நோய் பலவற்றில் ஒளிந்திருக்கும் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது 2008-இல். பத்தாம் பதிப்பை வடிவமைத்தவர்கள் வேலை செய்த 1980-களில் இது மிகச் சிலரே அறிந்த நோய்.

அமெரிக்கா தன் பயன்பாட்டுக்கென்று இந்த வகைப்பாட்டைத் திருத்திக்கொள்ளும் நாடு. அங்கே 2009 அக்டோபர் முதல் தேதியிலிருந்து மெர்க்கல் செல் புற்றுநோய்க்குத் தனி எண்கள் நடைமுறைக்கு வந்தன. 2015 அக்டோபரில் பத்தாம் பதிப்பின் அமெரிக்க வடிவம் வந்தபோது அது “சி 4ஏ” ஆயிற்று. சி 43-க்கும் சி 44-க்கும் நடுவே எண் ஏதும் மிச்சமில்லை. ஆகவே எண்ணின் இடத்தில் எழுத்தைச் செருகினார்கள். (வாடகை வீடுகளுக்கு நடுவில் புதிதாக ஒரு வீடு கட்டி அதற்கு “12 ஏ” என்று கதவிலக்கம் இடுவதைப் போன்றது.) இணையத்தில் தேடும் குடும்பத்தினர் சிலர் இந்தச் “சி 4ஏ”-வைக் கண்டு, எங்கள் சம்மரியில் தவறு நேர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். தவறன்று, அது அந்நாட்டுத் திருத்தம், நாம் பயன்படுத்தும் உலகப் பதிப்பில் அது இல்லை. 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு இந்நோய்க்கு “2சி34” என்று தனி இடம் தந்திருக்கிறது. நாடுகள் அதற்கு மாறும் வேலை மெல்லத்தான் நடக்கிறது.

அப்படியானால் நோயின் உண்மையான பெயர் எங்கே பதிவாகிறது? பயாப்சி அறிக்கையில். புற்றுநோய்ப் பதிவேடுகள் இதற்கென்று ஐ.சி.டி.-ஓ என்னும் வேறொரு வகைப்பாட்டைப் பயன்படுத்துகின்றன. அதில் இடத்துக்கு ஓர் எண், செல்லின் வகைக்கு இன்னொரு நான்கிலக்க எண், அதையடுத்து ஒரு சாய்கோடு, அதன்பின் ஓர் இலக்கம். மெர்க்கல் என்றால் 8247/3. பேசல் செல் என்றால் 8090/3. செபேசியஸ் என்றால் 8410/3. சாய்கோட்டுக்குப் பின்வரும் இலக்கம் கட்டியின் இயல்பைச் சொல்லும்: பூச்சியம் என்றால் தீங்கற்றது, இரண்டு என்றால் மேலடுக்கைத் தாண்டாதது, மூன்று என்றால் ஊடுருவும் புற்று. ஒரே பார்வையில் எங்களுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். அமெரிக்காவில் மெர்க்கல் நோயாளிகள் 2013-இல் ஏறத்தாழ 2,500 பேர் என்றும், அதற்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டித்தது என்றும் கணக்கிட முடிந்ததே பதிவேடுகளில் இந்த நான்கிலக்க எண் இருந்ததால்தான். “சி 44” மட்டும் இருந்திருந்தால் அந்த 2,500 பேரும் பேசல் செல் நோயாளிகளின் கூட்டத்தில் கரைந்துபோயிருப்பார்கள். எண்ணிக்கை தெரியாத நோய்க்கு மருந்து ஆய்வு செய்யவும் யாரும் எளிதில் முன்வருவதில்லை.

எண்களைப் பற்றி எங்களிடம் அடிக்கடி எழுப்பப்படும் இன்னொரு கவலையையும் இங்கே தீர்த்துவிடலாம். பயாப்சிக்கு முன் தரப்பட்ட தாளில் “டி 48.5” என்று இருக்கும், இரு வாரம் கழித்து வந்ததில் “சி 44.3” என்று இருக்கும். நோய் இதற்குள் முற்றிவிட்டதா என்று கண்கலங்கி நிற்போர் பலர். முற்றவில்லை. முதல் எண்ணுக்குப் பொருள், தோலில் உள்ள இக்கட்டியின் இயல்பு இன்னும் உறுதியாகவில்லை என்பதே. நுண்ணோக்கி விடை தந்தபின் எண் மாறுகிறது. கட்டி அதே கட்டிதான். அதேபோல், சிகிச்சை முடிந்து பரிசோதனைக்கு வரும்போது “இசட் 08” என்று காண்பீர்கள். புற்றுநோய் சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்பு என்பது அதன் பொருள். இது நோய் திரும்பியதைக் குறிப்பதன்று.

மீண்டும் அந்தப் பெரியவரிடம் வருகிறோம். அவருடைய சம்மரியின் முதல் பக்கத்தில் நோயின் பெயராக நாங்கள் எழுதியிருந்தது “தோல் புற்றுநோய், இடது கன்னம்” என்பது மட்டுமே. மெர்க்கல் என்ற சொல் ஏழாவது பக்கத்தில், இணைக்கப்பட்ட பயாப்சி அறிக்கையில் இருந்தது. காப்பீட்டு அலுவலர் முதல் பக்கத்தையும் எண்ணையும் பார்த்திருக்கிறார்; அவர்மேல் குறைகூற எங்களால் இயலவில்லை. விளக்கக் கடிதம் எழுதி, பயாப்சி அறிக்கையை முன்னே வைத்து, அதில் சிகே 20 சாயப் பரிசோதனை முடிவு உள்ள வரியைக் கோடிட்டு அனுப்பினோம். அனுமதி வந்துசேர மொத்தம் பதினேழு நாள்கள் ஆயின. வேகமாக வளரும் ஒரு நோயில் பதினேழு நாள்கள் சிறிதல்ல. அந்நாள்களில் அவர் மகள் இரண்டு முறை எங்களிடம் வந்து, கடன் வாங்கியாவது தொடங்கிவிடலாமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாங்கள் காரணமாகிவிட்டோம் என்பது எங்கள் குழுவில் எவருக்கும் எளிதாக இருக்கவில்லை. கதிர்வீச்சு முடிந்து, அண்மையில் எடுத்த படத்தில் நோய் காணப்படவில்லை. தாமதத்தால் கேடு நேரவில்லை என்பது எங்கள் நல்வாய்ப்பு; அதனை எங்கள் திறமையாகக் கொள்ள முடியாது.

அதன்பின் எங்கள் பிரிவில் சில வழக்கங்களை மாற்றினோம். தோல் புற்றுநோய் என்று மட்டும் எழுதுவதில்லை. பயாப்சி சொல்லும் முழுப்பெயரை முதல் பக்கத்திலேயே எழுதுகிறோம். ஐ.சி.டி. எண்ணின் பக்கத்தில் நான்கிலக்கச் செல்வகை எண்ணையும் சேர்க்கிறோம். இது எந்தச் சட்டமும் கோருவதன்று. காப்பீட்டு விண்ணப்பத்தில் அதற்குத் தனிக் கட்டமும் இல்லை. குறிப்புக்கான இடத்தில் எழுதி அனுப்புகிறோம். மருத்துவ ஆவணப் பிரிவில் குறியீடு இடுவோர், பயாப்சி அறிக்கை கைக்கு வராமல் இறுதி எண்ணை இடுவதில்லை. இதனால் சம்மரி கிடைக்க ஓரிரு நாள் தாமதமானால் பொறுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்.

நீங்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. பயாப்சி அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும், சாயப் பரிசோதனை முடிவுகள் உட்பட, பத்திரமாக வையுங்கள். முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்து வைப்பது போதாது. அறிக்கையின் மேலே இருக்கும் பயாப்சி எண்ணைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் திசுவின் மெழுகுக் கட்டியும் ஸ்லைடும் ஆய்வகத்தில் அந்த எண்ணில்தான் வைக்கப்பட்டிருக்கும். வேறு ஊரில் இரண்டாம் கருத்துக் கேட்க விரும்பினால் அவற்றைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். அதற்காக எவரும் வருந்தமாட்டோம். காப்பீட்டு நிறுவனம் ஐயம் எழுப்பினால் நீங்களே பதில் எழுத முயலவேண்டாம். அந்தக் கடிதத்தை அப்படியே எங்களிடம் கொண்டுவாருங்கள்.

முன்னர் எங்களிடம் சிகிச்சை பெற்றவர்களின் சம்மரியில் “தோல் புற்றுநோய்” என்ற பொதுப்பெயரும் சி 44 எண்ணும் மட்டுமே இருந்தால், அதனைப் பயாப்சி அறிக்கையுடன் தரைத்தளத்திலுள்ள மருத்துவ ஆவணப் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள். முழுப்பெயரும் செல்வகை எண்ணும் சேர்த்துத் திருத்திய சம்மரியைக் கட்டணமின்றித் தருகிறோம். பயாப்சி அறிக்கை தொலைந்துபோயிருந்தாலும் வாருங்கள். ஆய்வகப் பதிவேட்டில் தேடிப் பார்ப்போம்.