எழுத்தும் இசையும் இணையமும்



நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இயற்பியல் பயிலும் மாணவி. இணையத்தை ஆக்கிய அறிஞர்களுள் ஒருத்தி அல்லேன். உங்களைப் போலவே அதனை நாள்தோறும் பயன்படுத்துகின்றவள். வலைப்பதிவு, இணைய இசை, மாணவர்க்குப் பயன்படும் இணையதளங்கள் ஆகிய மூன்றனைப் பற்றியும் என் பட்டறிவில் கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மூன்றும் வெவ்வேறு பொருள்களாகத் தோன்றலாம். எனினும், மூன்றன் அடியிலும் ஒரே வினா மறைந்து கிடக்கிறது. இணையத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் செல்வத்தைக் காப்பவர் யார் என்பதே அவ்வினா.

முதலில் வலைப்பதிவைப் பார்ப்போம். ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் 1989-ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அவ்வாய்வுக்கூடம் அறிவித்தது. இன்று நாம் துய்க்கும் வசதிகள் பலவும் அந்தக் கொடையின்மேல் எழுந்தவையே. தொடக்கத்தில் ஒரு பக்கத்தை அமைப்பதற்குக் கணிப்பொறிக் குறிமொழி தெரிந்திருக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டில் பிளாகர் போன்ற தளங்கள் தோன்றியபின் அத்தடை நீங்கியது. தட்டச்சுத் தெரிந்தால் போதும். எழுதியதை ஒரு பொத்தானை அழுத்தி உலகின் முன் வைத்துவிடலாம் என்ற நிலை வந்தது.

வலைப்பதிவின் அமைப்பு எளியது. நாட்குறிப்பில் பழையது முன்னும் புதியது பின்னும் இருக்கும். வலைப்பதிவிலோ புதியது மேலே நிற்கும்; பழையது கீழே இறங்கும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி உண்டு. ஆதலால் ஒருவர் எழுதியதை மற்றொருவர் தம் பக்கத்திலிருந்து இணைப்புக் கொடுத்துக் காட்டலாம். படித்தவர் அதன் கீழேயே தம் கருத்தையும் எழுதலாம்.

தமிழ் எழுத்துக்கு மட்டும் வேறோர் இடர் இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பம்போல் எழுத்துகளுக்கு எண்களை வகுத்திருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதிய கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். யூனிகோடு எனப்படும் ஒருங்குறி இதற்குத் தீர்வு தந்தது. 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் கணிப்பொறிகள் அதனை ஏற்றுப் பரவலாகக் காட்டுவதற்குச் சில ஆண்டுகள் சென்றன. அதன் பின்னரே, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தமிழ் வலைப்பதிவுகள் பெருகலாயின.

அவ்வாறு எழுதத் தொடங்கியவர்களுள் என் தாய்மாமாவும் ஒருவர். கரிசல் நிலத்துச் சிற்றூர் ஒன்றில் அவர் பள்ளி ஆசிரியராக இருந்தார். மின்விசைப் பம்புகள் வருவதற்குமுன் அவ்வூர்க் கிணறுகளில் கமலை கட்டி நீர் இறைத்த உழவர்களுள் சிலர் அப்பொழுது முதியவர்களாக இருந்தனர். மாமா அவர்களிடம் சென்று அமர்வார். கூனை, வடக்கயிறு, வால்கயிறு என ஒவ்வோர் உறுப்பின் பெயரையும், அதனைச் செய்த முறையையும், செய்தவர் இன்னார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்வார். பின்னர் இரவில் தம் வலைப்பதிவில் ஏற்றுவார். 2006-ஆம் ஆண்டு முதல் 2013 வரை அவர் எழுதிய பதிவுகள் 64. இதைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று அவரை நான் ஒருமுறை கேட்டேன். "இருபது பேர் இருப்பார்கள் அம்மா! ஆனால் அந்தப் பெரியவர்கள் சொன்னது அவர்களோடு போய்விடவில்லை அல்லவா?" என்றார்.

மாமா 2019-ஆம் ஆண்டில் காலமானார். அடுத்த ஆண்டு அவர் எழுதியவற்றைத் தொகுக்கலாம் என்று அவருடைய பக்கத்தைத் தேடினேன். அப்பக்கம் அங்கே இல்லை. அவருக்கு இலவசமாக இடம் அளித்திருந்த நிறுவனம் அந்தப் பணியையே நிறுத்திவிட்டிருந்தது. முன்னறிவிப்பு அனுப்பியிருந்தார்களாம், ஆனால் அம்மடல் சென்ற அஞ்சற்பெட்டியைத் திறந்து பார்க்க மாமா உயிரோடு இல்லை. இணையத்தில் ஏறியது என்றும் அழியாது என்று அதுவரை நான் எண்ணியிருந்தேன். அன்றுதான் உண்மை விளங்கிற்று. முகவரி நம் பெயரில் இருக்கலாம், மனை பிறருடையது.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த இழப்பு அன்று. 1994-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தில் உலகெங்கும் எளிய மக்கள் தங்கள் பக்கங்களை அமைத்திருந்தனர். 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் அத்தளம் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் சிலர் இரவும் பகலும் முயன்று படியெடுத்த பக்கங்களே எஞ்சின. நம் முன்னோர் ஓலை ஏடுகளை இழந்த கதையை நாம் அறிவோம். செல்லரித்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடி ஒப்புநோக்கி, 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரைப் போற்றுகிறோம். ஓலை அரிபட நூற்றாண்டுகள் ஆயின. ஒரு வலைப்பக்கம் மறைய ஒரு நொடி போதும். அரித்த தடம்கூட எஞ்சுவதில்லை.

மாமாவின் பதிவுகளுள் 19 மட்டும் எனக்குக் கிடைத்தன. அவற்றைக் காத்துத் தந்தது 1996-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இணைய ஆவணக் காப்பகம். அதன் கருவிகள் ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குச் சென்று, கண்டவற்றைப் படியெடுத்துக்கொண்டே செல்கின்றன. மறைந்துபோன பக்கத்தின் பழைய முகவரியைக் கொடுத்தால், படியெடுத்த நாளில் அஃது இருந்தவாறே காட்டப்படும். 19 மட்டும் பிழைத்த காரணத்தைப் பின்னர் ஒருவாறு உணர்ந்தேன். அவற்றுள் பெரும்பாலானவை பிறர் தம் பக்கங்களிலிருந்து இணைப்புக் கொடுத்திருந்தவை. நல்ல கட்டுரையைப் படித்தால் அதற்கு இணைப்புக் கொடுத்துப் பிறருக்குக் காட்டுங்கள். அது பாராட்டும் ஆகும், பாதுகாப்பும் ஆகும்.

இனி இசைக்கு வருவோம். ஒலியை எண்களாக மாற்றுவதே கணிப்பொறி இசையின் அடிப்படை. குறுந்தட்டு ஒன்றில் ஒரு நொடி ஒலி 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளால் குறிக்கப்படுகிறது. இடம், வலம் என இரு தடங்களையும் சேர்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 14 லட்சம் பிட்டுகள் ஆகின்றன. ஐந்து நிமிடப் பாடலுக்கு 5 கோடி பைட்டுகளுக்கு மேல் இடம் வேண்டும். அந்நாளைய மெல்லிய தொலைபேசி இணைப்பின் வழியே இதனை அனுப்புவது எளிதன்று.

இங்கே விஞ்ஞானிகளுக்கு உதவியது செவியின் இயல்பு. கோயில் திருவிழாவில் தவில் முழங்கும்பொழுது, அருகில் நிற்பவர் மெல்லப் பேசுவது நம் காதில் விழுவதில்லை. பேச்சொலி அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பேரொலி அதனை மறைத்துவிடுகிறது. இசையிலும் இவ்வாறு மறைபடும் நுண்ணொலிகள் பல உண்டு. செவிக்கு எட்டாதவற்றை நீக்கிவிட்டால் கேட்பவருக்குக் குறை தோன்றாது அல்லவா? ஜெர்மானிய அறிஞர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் இக்கருத்தைக் கொண்டு எம்பி3 முறையை உருவாக்கினர். நொடிக்கு 1,28,000 பிட்டுகள் என்ற அளவில் அமைத்தால் பாடல் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அவர்களுடைய சோதனையில் மிகுந்த இடர் விளைத்தவற்றுள் ஒன்று, சூசன் வேகா என்ற பாடகி பக்கவாத்தியம் எதுவும் இன்றித் தனித்துப் பாடிய ஒரு பாடல். மனிதக் குரலின் சிறு பழுதையும் நம் செவி கண்டுகொள்ளும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இசை சுருங்கியதும் அதன் பயணம் பெருகியது. 1999-ஆம் ஆண்டில் நாப்ஸ்டர் என்னும் தளம், முன்பின் அறியாதவர்கள் தங்கள் பாடல்களை மாற்றிக்கொள்ள வழி செய்தது. பாடியவருக்கும் இயற்றியவருக்கும் ஊதியம் செல்லவில்லை. வழக்குகள் எழுந்தன, 2001-ஆம் ஆண்டில் அப்பணி நின்றது. பின்னர்ப் பாடலை விலைக்கு விற்கும் தளங்களும், வேண்டியபொழுது ஓடைபோல் அனுப்பும் தளங்களும் தோன்றின. ஓடை முறையில் பாடல் சிறுசிறு துண்டுகளாக வந்து ஒலித்துச் செல்கிறது. அது நம் உடைமை ஆவதில்லை. உரிமை ஒப்பந்தம் முடிந்தால் நேற்றுக் கேட்ட பாடல் இன்று பட்டியலில் இல்லாமற் போகலாம்.

தளத்தாரிடமே இசை அழிந்ததும் உண்டு. மைஸ்பேஸ் என்னும் தளத்தில் 2015-ஆம் ஆண்டு வரை ஏற்றப்பட்ட பாடல்கள், கணிப்பொறி மாற்றத்தின்போது இழக்கப்பட்டன என்று 2019-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. 5 கோடிக்கு மேற்பட்ட பாடல்கள் அழிந்தன என்று செய்தி ஏடுகள் எழுதின. ஆராய்ச்சிக்காக ஒரு குழுவினர் முன்பே படியெடுத்து வைத்திருந்ததால், ஏறத்தாழ 4,90,000 பாடல்கள் மட்டும் மீண்டன.

இவ்விடத்தில் நாம் செய்யத்தக்கது என்ன? பிறருடைய ஒலிப்பதிவுகளை மனம்போல் ஏற்றுவது முறையன்று. நம் நாட்டுச் சட்டப்படி, வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. கலைஞருக்குரியது அவரைச் சென்றடையும் வழியிலேயே இசையைக் கேட்பது நம் கடமை. ஆனால் வேறொரு சிறுபணி நம் கையில் இருக்கிறது. "அருமையான பழைய கச்சேரி" என்ற தலைப்போடு மட்டும் பல ஒலிப்பதிவுகள் இணையத்தில் உலவுகின்றன. பாடியவர் பெயரை ஒருவாறு கண்டுகொள்ளலாம். வயலின் வாசித்தவர் யார்? மிருதங்கம் யார்? இடமும் ஆண்டும் எவை? ஒன்றும் இராது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தெரிந்த பெயர்களை அங்கே எழுதுங்கள். பெயர் இழந்த கலை, பாதி இழந்த கலையே ஆகும்.

மூன்றாவது, பயனுள்ள தளங்கள். இலக்கியம் பயில்வோர்க்கு மதுரைத் திட்டம் ஒரு புதையல். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய இம்முயற்சியில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் பெறாமல் பழநூல்களைத் தட்டச்சிட்டு, பிழை நோக்கி, எவரும் படிக்குமாறு வைத்துள்ளனர். 2001-ஆம் ஆண்டில் தமிழக அரசு நிறுவிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் மின்னூலகம் ஒன்றை நடத்துகிறது. சொற்பொருள் காண விரும்புவோர், 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடிப் பார்க்கலாம். பொறியியலும் அறிவியலும் பயில்வோர்க்கு, இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் உள்ளன. எங்கள் சிறிய கல்லூரியில் குவாண்டம் இயற்பியல் எனக்கு விளங்காதபொழுது, அவ்விரிவுரைகளே கைகொடுத்தன.

2005-ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் தளத்தைத் தனியே சுட்ட வேண்டும். இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் அது மின்வடிவில் காக்கிறது. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பை நினைவிற்கொண்டு பார்ப்பவர்களுக்கு, ஒரு நூலின் படிகள் ஓரிடத்தில் மட்டும் இருத்தல் கூடாது என்னும் உண்மையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இணையத்தில் காண்பன எல்லாம் மெய் என்று கொள்ளுதலும் தவறு. ஒரு செய்தியைக் கண்டதும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். எழுதியவர் யார்? எப்பொழுது எழுதினார்? எதனைச் சான்றாகக் காட்டுகிறார்? 2003-ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவில், ஒவ்வொரு கட்டுரையிலும் யார் எந்நாளில் எதனை மாற்றினார் என்பதைக் காட்டும் வரலாற்றுப் பகுதி உண்டு. கட்டுரையோடு அதனையும் பாருங்கள். பிழை கண்டால் ஏளனம் செய்து நகர்ந்துவிடாதீர்கள். தக்க சான்றுடன் திருத்துங்கள். அவ்வுரிமை உங்களுக்கும் உண்டு.

நண்பர்களே! இணையத்தில் நமக்கு விலையின்றிக் கிடைப்பவை பலவும் யாரோ ஒருவரின் உழைப்பால் விளைந்தவை. யாரோ ஒருவரின் கவனத்தால் நிலைப்பவை. எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் பெருகிக் காப்பவர்கள் குறைந்தால், களஞ்சியம் வெறுமையாகிவிடும். நீங்கள் எழுதுங்கள்; உங்கள் ஊரில் நீங்கள் மட்டுமே அறிந்த ஒன்றை எழுதுங்கள். எழுதியதன் படி ஒன்றை உங்கள் கணிப்பொறியிலும், மற்றொன்றை வேறோர் இடத்திலும் வையுங்கள். தாளில் அச்சிட்டு ஒரு கோப்பில் வைத்தால் இன்னும் நன்று.

மாமாவின் 19 பதிவுகளையும் நான் அச்சிட்டு, எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு படி வைத்திருக்கிறேன். எஞ்சிய 45-க்கும் உரிய குறிப்புகள் அவருடைய பழைய குறிப்பேடுகளில் இருக்கக்கூடும். அவற்றுள் ஒன்று அகப்பட்டது. வால்கயிற்றைப் பற்றிய இரண்டு பக்கங்கள் அதில் இருந்தன. இந்தக் கோடை விடுமுறையில் மற்றவற்றைத் தேட இருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இவ்வாறு எழுதிய ஒருவர் இருக்கலாம். அவர் இருக்கும்போதே சென்று கேளுங்கள்.