இருபரிமாணக் காந்தங்களில் தற்சுழற்சி அலை: ஒரு விளக்கம்

இலக்கிய ஆய்வாளர் பௌதிகவியல் பற்றி எழுதுதல் பொருந்துமா என்ற வினா எழக்கூடும். அறிவைத் துறைதோறும் வேலியிட்டுப் பிரித்தலே அதனை மக்களிடமிருந்து பிரித்தற்கு முதற்படி என்பது எமது கருத்து. பன்வில மலைத்தோட்டங்களின் லயன்களிலிருந்து பாடசாலைக்கு வரும் மாணவர் இன்றைய பௌதிகவியலைத் தமிழிலே அறிதல் வேண்டும்.

காந்தப் பொருளொன்றில் அணுக்கள் நுண்காந்தங்களாக உள்ளன. இலத்திரன்களின் தற்சுழற்சியே அதற்கு முதன்மையான அடிப்படை. அயலணுக்கள் ஒன்றையொன்று பிணித்திருப்பதால், ஒன்றின் காந்தம் சிறிது சரியின் அடுத்ததும் சரியும். அச்சரிவு பளிங்கினூடே பரவுவதே தற்சுழற்சி அலை. 1930இல் பீலிக்ஸ் புளொக் இதனை விளக்கினார். இங்கு அணு இடம்பெயர்வதில்லை, இலத்திரனோட்டமும் தேவையில்லை. எனவே மின்னோட்டம் கம்பியைச் சூடாக்குவது போன்ற இழப்பின்றிச் செய்தி அனுப்பலாம் என ஆய்வாளர் எதிர்பார்க்கின்றனர்.

மிக மெல்லிய ஏட்டிலே இவ்வொழுங்கு நிலைக்குமா? அணுக்களின் பிணைப்பு குறுந்தூரத்ததாகவும், எல்லாத் திசைகளும் அவற்றுக்குச் சமமாகவும் இருப்பின், இருபரிமாணத்தில் காந்த ஒழுங்கு நிலைக்காது என 1966இல் மேர்மினும் வாக்னரும் நிறுவினர். நீண்ட அலைகள் எழ மிகச் சிறிய சக்தியே போதும். சிறு வெப்பமும் அவற்றை எண்ணின்றி எழுப்பி ஒழுங்கைக் குலைத்துவிடும். ஆயின் பளிங்கு ஒரு திசையை விரும்புமாயின், அலை எழுவதற்கு ஒரு குறைந்தபட்சச் சக்தி வேண்டும், ஒழுங்கு பிழைக்கும். 2017இல் குரோமியம் மூவயடைட்டின் ஒற்றைப் படையில் 45 கெல்வின் வரை காந்தம் நிலைத்தமை காட்டப்பட்டது.

பளிங்குகளின் காந்தத் திசைவேற்றுமையை 1930களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நுணுகி அளந்தவர், தமிழ்நாட்டு வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் என்பது மனங்கொள்ளத்தக்கது. மெல்லிழையிற் பளிங்கைத் தொங்கவிட்டு, எவ்வளவு முறுக்கினால் அது காந்தப்புலத்திலே திடீரெனத் திரும்புகின்றது என்பதைக் கொண்டு அவர் அளந்தார்.

2022இல், அடுக்கடுக்கான குரோமியம் சல்பைட்டு புரோமைட்டில், ஒரு செக்கனின் இலட்சங்கோடியில் ஒரு பங்கினும் குறுகிய லேசர்த் துடிப்பால் எழுப்பப்பட்ட அலை 7 மைக்கிரோமீற்றருக்கு அப்பாலும் சென்றது. அதன் ஒத்திசைவு 5 நனோசெக்கனுக்கு மேல் நீடித்தது.

ஒழுங்கைக் குலைக்கும் அலையே நிபந்தனை மாறுமிடத்துச் செய்தி காவுகின்றது. இயற்கையின் இம்முரணைச் சமுதாயத்துக்கு இயந்திரப்பாங்காகப் பொருத்துதல் தவறு. சமுதாயம் எழுப்பும் வினா வேறு: இவ்வறிவு யார் கைக்கு எட்டுகின்றது? மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலக் குறை. அது தீரும்வரை, கிருஷ்ணனின் மொழியைப் பேசும் பிள்ளைகளுக்கு அவரது துறை அயலாகவே இருக்கும்.